நல்ல தண்ணீருக்குக் கீழே

கோப்பாயில் எங்கள் தோட்டக் கிணற்றுக்குப் பங்குகாரர் ஐந்து பேர். ஆகக் குறைந்த பங்கு அருமைநாயகி அக்காவுடையது, பதினாறில் ஒன்று. ஆகக் கூடிய சத்தமும் அவருடையதுதான்.

கரவெட்டியில் பிறந்தவர். கலியாணம் கட்டி இங்கே வந்து சில வருடங்களில் புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். மறுமணப் பேச்சோடு வந்தவர்களை வாசலோடு அனுப்பிவிட்டு, அந்தச் சின்னத் தோட்டத்தில் வெங்காயம் நட்டு இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தார். இறைப்பு முறையில் யாராவது தண்ணீர் இறைக்கும் மெசினைக் கொஞ்சம் கூடுதலாக ஓடவிட்டால் வாய்க்காலில் வந்து நின்றுவிடுவார். ஊரை அதட்டும் என் அப்பாவே அவரைக் கண்டதும் மெசினை நிறுத்துவார். எனக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்.

1983 மாசியில், ஆடிக் கலவரம் வருவதற்கு முன், வின்சன்ற் என்ற எஞ்சினியர் வந்தார். குருநகரில் கடற்றொழில் செய்யும் குடும்பம். நிலத்துக்கடியில் ஆழத்தில் சூடு இருக்கும், அது போதுமானதாக இருந்தால் அதிலிருந்து கரண்டு எடுக்கலாம், இருக்கிறதா என்று பார்க்க ஒரு துளை போடவேண்டும் என்றார். அவருடைய கம்பனிக்குப் பிடித்த இடம் எங்கள் கிணற்றடிக் காணி. பெரிய பங்குகாரர் அருளம்பலமும் என் அப்பாவும் மற்ற இருவரும் ஓம் என்றுவிட்டார்கள். தோட்டத்துக்குக் கரண்டு வருமென்றால் யாருக்குத்தான் கசக்கும்? அருமைநாயகி அக்காவை ஒருவரும் கேட்கவில்லை. இறைப்பு நேரத்தைப் பங்கின்படி அளந்து பழகியவர்கள், சம்மதத்தையும் அப்படியே அளந்துவிட்டார்கள்.

வின்சன்ற் துளைக்கு இடம் குறித்து முளை அடித்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார்.

"தம்பி, உந்த முளையைப் பிடுங்குங்கோ."

"எல்லாரும் ஓம் எண்டவை, அக்கா."

"நான் சொல்லேல்லை."

அருளம்பலம் குறுக்கிட்டார். "பிள்ளை, உன்ரை பங்கு பதினாறிலை ஒண்டு."

"இறைக்கத்தான் அண்ணை பங்கு. குடிக்கிறதுக்கு எப்ப பங்கு வைச்சனாங்கள்?"

அது எங்கள் ஊர் வழக்கம். குடிதண்ணீருக்குக் கணக்கில்லை. வின்சன்ற் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் தானே முளையைப் பிடுங்கிவிட்டுக் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தார்.

"இதுக்குக் கீழை என்ன கிடக்குது?" அக்கா கேட்டார்.

"கடல்."

நாங்கள் சிரித்தோம்.

"சொன்னால் நம்பமாட்டியள். ஞாயிற்றுக்கிழமை காட்டுறன்."

சொன்னபடி பூசை முடிந்து வந்தார். ஈயம் கட்டிய போத்தல், அதன் தக்கைக்குத் தனிக் கயிறு. எங்கள் கிணற்றின் அடிப்பாறையில் ஒரு துவாரம் உண்டு; அதன் ஆழத்தைக் கண்டவர் இல்லை. போத்தலைக் கீழே விட்டுத் தக்கையை இழுத்தால் அந்த ஆழத்துத் தண்ணீர் மட்டும் ஏறும். மேல் தண்ணீர், நாங்கள் அறிந்த தண்ணீர். துவாரத்துக்குள்ளிருந்து வந்தது லேசாகக் கரித்தது. கயிறு முடியும்வரை விட்டு எடுத்ததை ஒருவர் மாறி ஒருவர் நாக்கில் வைத்தோம். முதலில் வைத்த அருளம்பலம் துப்பவும் மறந்து நின்றார். வின்சன்ற் கடைசியாக வைத்துப் பார்த்தார்.

"படிச்சுத்தான் இருக்கிறன்," என்றார் மெதுவாக. "வாயிலை வைச்சது இண்டைக்குத்தான். இது எங்கடை கடலேதான்."

மழைத் தண்ணீர் பாரம் குறைந்தது, அதனால் உப்புத் தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரி மிதக்கிறது என்று விளங்கப்படுத்தினார். பூமிசாஸ்திரம் படிப்பிக்கிற எனக்கே உடம்பு சிலிர்த்தது. நாங்கள் குளித்தது, குடித்தது, பயிருக்கு விட்டது எல்லாம் அந்த ஆடையிலிருந்துதான். நிற்கிற நிலத்தைப் பார்த்தேன். கால் வைக்கவே கூச்சமாக இருந்தது.

"துளை போட்டால் உப்பு ஏறாதோ?" அக்கா கேட்டார்.

"குழாய் இறக்கிச் சுத்திவரச் சீமெந்து போடுவம். ஏறாது எண்டுதான் நினைக்கிறன். சத்தியம் பண்ண ஏலாது."

"அப்ப வேண்டாம்," என்றார் அருளம்பலம். எல்லோரும் தலையாட்டினோம். வின்சன்ற் மறுபேச்சில்லாமல் கயிற்றைச் சுற்றினார். எங்கள் தண்ணீரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமையோடு எழும்பினோம். அக்கா மட்டும் எழும்பவில்லை.

"தம்பி, நாங்கள் மெசின் வைச்சு இறைக்கிறமே. அதாலையும் ஏறுமோ?"

வின்சன்ற் எங்கள் முகங்களைப் பார்த்தார். சொல்ல விருப்பமில்லாதது தெரிந்தது.

"ஓம் அக்கா. அளவுக்கு மிஞ்சினால் ஏறும். துளை போடாட்டிலும்."

வெளியாளுக்கு வேண்டாம் என்று சொல்வது சுலபமாக இருந்தது. எவ்வளவு குறைப்பது, யார் முதலில் குறைப்பது? அருளம்பலம் சால்வையை உதறினார். அப்பா மாட்டை அவிழ்க்க வேண்டும் என்றார். கூட்டம் அப்படியே கலைந்தது.

மறுநாள் அக்காவின் முறை. வெங்காயம் கிழங்கு பிடிக்கிற நேரம். ஒரு இறைப்புத் தவறினாலும் சிறுத்துப்போகும். அந்த வெங்காயத்தை விட்டால் அவருக்கு வேறு வருமானமில்லை. தண்ணீர் பாதிப் பாத்திகளுக்குப் போனதும் மெசின் சத்தம் நின்றது. அடுத்த முறை எங்களுடையது என்பதால் அப்பா ஓடிப்போனார். நானும் பின்னால் போனேன்.

"மெசின் பிழைச்சுப்போச்சோ பிள்ளை?"

"இல்லை அண்ணை. நல்லாத்தான் இருக்கு."

அவருக்குப் பின்னால் மிச்சப் பாத்திகள் வெள்ளையாய்க் காய்ந்து கிடந்தன. கண் கலங்கித்தான் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அப்பா மெசினைச் சுற்றி இழுத்துக் கிளப்பும் கயிற்றைக் கையில் வைத்தபடி வெகுநேரம் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எங்கள் மிளகாய்க்கும் பாதித் தண்ணீர்தான்.