காருக்கு அடியில் ஷாகுல் பாய்

இரண்டாவது பீரியட் நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. ஷாகுல் பாயின் மகள் ரஹ்மத், என்னிடம் படித்தவள். "டீச்சர், வாப்பா மவுத்தாயிட்டாங்க. காலையில டீ கொண்டு போனேன், எந்திரிக்கல. அசர் தொழுகை முடிஞ்சு அடக்கம்," என்றாள். கரும்பலகையில் பாதி எழுதிய கணக்கை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

என் கணவர் அருள்தாஸிடம் சொன்னேன். பக்கவாதம் வந்து நான்கு வருடமாகிறது அவருக்கு. இடது கையும் காலும் அசைவதில்லை. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். "மண்ணுக்கு... அடியில... யாரு பேசுவா?" என்று கேட்டார்.

நெரவி சாலையில் பாயின் வெல்டிங் ஷெட்டுக்கு வந்து போனவர்களுக்கு இந்தக் கேள்வி உடனே புரியும். மற்றவர்களுக்காக எங்கள் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். தரையை ஒட்டிக்கொண்டு ஓடும். நோய் வருவதற்கு முந்தைய வருடம் என் கணவர் ஆசைப்பட்டு வாங்கினார். நோய்க்குப் பிறகு அவருக்கு மிஞ்சிய வெளியுலகம் அதுதான். ஞாயிறு பூசை முடிந்ததும் நான் ஓட்ட, திருநள்ளாறு வரை போய்த் திரும்புவோம். மற்ற ஆறு நாளும் அவருக்குக் கட்டில், ஜன்னல், எதிர்வீட்டுச் சுவர். எனக்குப் பள்ளிக்கூடம், அடுப்படி, அதே கட்டில்.

ஒரு ஞாயிறு, சுரக்குடிக்குப் பக்கத்தில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கினேன். முன்சக்கரம் வாய்க்கால் ஓரத்தில் இறங்கிவிட்டது. கார் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நிற்க, இரண்டு கதவுகளும் திறக்கவில்லை. நான் புடவை கிழிய ஜன்னல் வழியாக வெளியே வந்தேன். அவரை அப்படி இழுக்க முடியாது. வெயிலில் வேர்க்க வேண்டாமே என்று ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு, வயலில் ஆள் தேடி ஓடினேன். அரைமணி கழித்து டிராக்டரில் வந்தவர்கள் காரைத் தூக்கி நேராக நிறுத்தினார்கள். தொட்டதும் கதவு திறந்துகொண்டது. உள்ளே அவருடைய இடது செருப்பு இளகித் தரையோடு ஒட்டியிருந்தது. பாதம் வெந்திருந்தது. உணர்ச்சியில்லாத கால் என்பதால் அவருக்கே தெரியவில்லை. நான் இயற்பியல் ஆசிரியை. அந்தத் தரைக்கு அடியில் சைலன்சர் குழாய் போகிறது என்று ஒருமுறைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

"வித்துத் தொலைச்சிடும்மா," என்றார் என் அண்ணன். என் கணவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. புண் ஆறியதும் காரை ஷாகுல் பாயிடம் கொண்டுபோனேன்.

பாய் டார்ச் அடித்துப் பார்த்தார். "கடல்காத்து வண்டி அடிய தின்னுருச்சுங்க டீச்சர். ஒரு சக்கரம் எறங்கினா வண்டி உடம்பே முறுக்குது. அதான் கதவு கவ்விக்குது," என்றார். துருப்பிடித்த பக்கச் சட்டங்களை வெட்டிவிட்டுப் புதிது வைப்பது, தரைக்கு அடியில் இரண்டு இரும்புப் பட்டைகளைப் பெருக்கல் குறி மாதிரி பூட்டுவது, குழாய்க்கும் தரைக்கும் நடுவே அலுமினியத் தகடு மாட்டுவது என்று முடிவானது. தகட்டைத் தரையோடு ஒட்டிவிடலாமே என்றேன். "ஒட்டினா அதுவும் சேந்து சுடும். வெரக்கடை எடம் விடணும். சூட்டோட மல்லுக்கு நிக்கக் கூடாது, வெளிய போறதுக்கு வழி விடணும்," என்றார்.

பிறகு சற்றுத் தயங்கி ஒரு நிபந்தனை சொன்னார்: "நா அடியில இருக்கறப்ப யாராச்சும் பேசிக்கிட்டே இருக்கணும்."

அதற்கான காரணம் பல சனிக்கிழமைகளில், காருக்கு அடியிலிருந்து துண்டு துண்டாக வந்தது. வளைகுடாவில் ஒரு கார் ஷெட்டில் வேலை பார்த்தபோது ஜாக்கி இறங்கி, ஒரு காருக்கு அடியில் தோளோடு சிக்கிக்கொண்டார். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கத்தக்கூட மூச்சில்லை. உயிர் பிழைத்ததும் ஊருக்குப் போகிறேன் என்றார். ஒப்பந்தம் முடியாமல் பாஸ்போர்ட் கிடையாது என்றுவிட்டார் முதலாளி. அதன்பின் இரண்டு வருடம், தினமும், அதே மாதிரி கார்களுக்கு அடியில் படுத்து எழுந்தார். "தெனமும் கபுருக்குழிக்குள்ள போயிட்டு வந்தேன் டீச்சர்," என்றார்.

நான் பேசினேன். பள்ளிக்கூட வம்பு, மீன் விலை, ஒளிவிலகல் பாடம், எதுவானாலும். என் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் தலைமையாசிரியரிடமிருந்து போன் வரவே, மறந்துபோய் வாசலுக்கு வந்துவிட்டேன். நினைவு வந்து ஓடினால், உள்ளே இவருடைய குரல். "பதி... மூணு," என்றார் இவர். "பதினாலு சார்," என்றது காருக்கு அடியிலிருந்து ஒரு நடுங்கும் குரல். வெகுநேரம் கழித்து, "பதி... னஞ்சு." நான் உள்ளே போகவில்லை. நாற்பது வரை எண்ணினார்கள். நோய் வந்தபின் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

வேலை முடிந்த அன்று பாய் இவரை உள்ளே உட்காரவைத்து, அரைமணி நேரம் எஞ்சினை ஓடவிட்டார். முன்சக்கரம் ஒன்றை வேண்டுமென்றே சிமெண்ட் கல்லின் மேல் ஏற்றியிருந்தார். "தரையத் தொட்டுப் பாருங்க சார். சுடுதா?" என்று கேட்டார். இவர் மெல்லக் குனிந்து வலது கையால் தொட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"இல்ல," என்றார் இவர்.

"அப்ப எறங்கி வாங்க."

நான் கதவை நோக்கிப் போனேன். "நில்லுங்க டீச்சர். நீங்க தெறந்தா அது என்ன கதவு? உள்ள இருக்கறவங்க தெறக்கணும்," என்றார் பாய். இவர் வலது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டிக் கைப்பிடியைத் தடவினார். இரண்டுமுறை நழுவியது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மூன்றாவது முறை, காரின் ஒரு சக்கரம் மேலே தூக்கி நிற்கும்போதே, கதவு இலகுவாகத் திறந்தது. பாய் கைப்பிடிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்.

அதன்பின் எங்கள் வாழ்க்கை மாறிவிட்டது என்று எழுத மாட்டேன். கட்டிலும் சுவரும் அங்கேயேதான் இருக்கின்றன. ஆனால் நோய் வந்த நாளிலிருந்து அவருக்கான பதில்களை எல்லாம் நானே சொல்லிவந்திருக்கிறேன் என்பது அந்த ஷெட்டில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஷாகுல் பாயிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது இதுதான்: என் கணவரிடம் ஒன்று கேட்கப்பட்டால், பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பது. சுலபமில்லை.

போன வாரம் மருத்துவர், "எப்படி இருக்கார்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எப்போதும், "பரவாயில்ல டாக்டர்," என்பேன். அன்று பேசவில்லை. மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். நான் அசையாமல் நின்றேன்.

"அடைஞ்சு... கெடக்கேன்," என்றார் என் கணவர்.