வருஷம் நூற்றெண்பது ரூபாயில் சௌக்கியம்

ஏனோக்கை நான் திட்டாத நாள் குறைவு. அவர் செத்து இரண்டு வருஷமாகிறது, இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் அவரோடு ஒரே ஆபீசில் குப்பை கொட்டியவர்கள் அல்ல.

ஊரிகத்தில் தங்கச் சுரங்கக் கம்பெனி ஒன்றின் டைம் ஆபீசில் நாங்கள் எட்டுப் பேர் ரைட்டர்கள். சுரங்கக் குழியான ஷாஃப்டில் இறங்குகிறவன் எத்தனை பேர், ஏறினவன் எத்தனை பேர், எவன் எத்தனை ஷிப்டு என்று எழுதுவது வேலை. வருஷத்துக்கு நூற்றெண்பது ரூபாய் சம்பளம். மாதாமாதம் பதினைந்தாகக் கையில் விழும். ஆனால் ஏனோக் மட்டும் எப்போதும் வருஷக் கணக்கில்தான் சொல்வார். பதினைந்து என்றால் கூலிக்காரன் பேச்சு மாதிரி இருக்கிறதாம். நூற்றெண்பது என்றால் உத்தியோகமாம்.

ஆள் பார்க்க நன்றாக இருப்பார். ஒல்லி உடம்பு, சீவி நடு வகிடு எடுத்த தலை, விறைப்பாகக் கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு. எட்டுப் பேரில் தினமும் வெளுத்த கோட்டோடு வருகிறவர் அவர் ஒருவர்தான். மாதக் கடைசியில் நாங்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அவர் டிபன் பாத்திரத்தைத் திறந்து வெள்ளைச் சோறு சாப்பிடுவார். "திட்டம் வேணும் மாணிக்கராஜ், திட்டம். நூத்தி எண்பது ரூபா இன்னா கொஞ்சமா? ராஜா மாதிரி வாழலாம்" என்பார். எனக்கு எரியும்.

எரிந்ததற்குக் காரணம் பொறாமை இல்லை. அந்தச் சோறு எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். என் வீடும் அவர் வீடும் ஒரே வரிசை, நடுவே ஒரு சுவர். அவர் மனைவி ஜெயசீலியின் அண்ணன் ஆற்காட்டுப் பக்கம் நிலம் வைத்திருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு மூட்டை அரிசி ரயிலில் ஏற்றி அனுப்புவார். அது போதாதென்று ஜெயசீலி விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி ஆப்பம் சுடுவாள். எதிர் லைனில் இருக்கும் பாப்பம்மா கூடையில் எடுத்துப்போய்க் காலை ஷிப்டுக்கு இறங்குகிறவர்களிடம் ஷாஃப்ட் வாசலில் விற்று வருவாள். பாப்பம்மாவின் பங்கு போக மாதம் நான்கு ரூபாய் நிற்கும். ஏனோக் எழுந்திருக்கும்போது அடுப்படி கழுவிச் சுத்தமாக இருக்கும். ஆப்பச் சட்டி மூலையில் கவிழ்ந்திருக்கும். அதை அவர் பார்த்ததே இல்லை. பத்து வருஷம் ஒரு மனுஷன் தன் வீட்டுச் சட்டியைப் பார்க்காமல் இருப்பது பெரிய சாமர்த்தியம்தான்.

ஜெயசீலிக்கு அந்தப் புகையில் கண் கெட்டுக்கொண்டு வந்தது. சதா நீர் வடியும். பைபிள் வாசிக்க முடியாமல் கோயிலில் என் மனைவி ஐடாவிடம் புத்தகத்தைக் கொடுத்துவிடுவாள். கேம்பு டாக்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார், புகையை விடு, இல்லாவிட்டால் கண்ணை விடு என்று. மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நான்கு ரூபாயை எப்படி விடுவது? "மாசம் மூணு ரூபா சம்பளம் ஏறட்டும், சட்டிய ஒடச்சிப் போட்டுடறேன்" என்று ஐடாவிடம் சொல்லியிருந்தாள்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றேழாம் வருஷம் அரிசி விலை ஏறி ரூபாய்க்கு எட்டுப் படியாகிவிட்டது. இனித் தாங்காது என்று நாங்கள் எட்டுப் பேரும் மனுக் கொடுத்தோம். மாதம் மூன்று ரூபாய் கூட்டிக் கேட்டோம். எழுதியது நான். ஏனோக்கும் கையெழுத்துப் போட்டார், கொஞ்சம் கூச்சத்தோடு. நமக்கு வேண்டியதில்லை, உங்களுக்காகப் போடுகிறேன் என்கிற மாதிரி.

மனு போன நான்காம் நாள் கணக்குத் துரை அவரைக் கூப்பிட்டனுப்பினார். அரை மணி நேரம் கழித்து ஏனோக் வெளியே வந்தபோது முகத்தில் அப்படி ஒரு களை. துரை நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாராம். நீ மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமாக, சந்தோஷமாக இருக்கிறாய், உன் குடும்பச் செலவை எழுதிக்கொடு, மற்றவர்களுக்கும் பிரயோஜனமாக இருக்கும் என்றாராம்.

அன்று சாயங்காலமே எழுதிவிட்டார். மணி மணியான இங்கிலீஷ் கையெழுத்து, சிவப்பு மசியில் கோடு. என்னிடம் கொண்டுவந்து, "இங்கிலீஷ் சரியாக் கீதா, ஒரு தபா பாருங்க" என்றார். பார்த்தேன். அரிசி நான்கு ரூபாய். வண்ணானுக்கு ஆறணா. கோயில் காணிக்கை எட்டணா. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எட்டணா. மற்றதெல்லாம் அந்தப்படியே. அடியில், சேமிப்பு மாதம் ஒரு ரூபாய். வேறு வருமானம், இல்லை. சேமிப்பாம். அந்த வீட்டில் ஒரு ரூபாய் ஒரு ராத்திரி தங்கினதில்லை.

அங்கேயே கிழித்துப் போட்டிருக்க வேண்டும். கிழிக்கவில்லை. அரிசி நாலு ரூபாயில் எப்படி ஐயா ஆகும் என்றாவது கேட்டிருக்கலாம். அதுவும் கேட்கவில்லை. அடுத்தவன் வீட்டு மானத்தில் நாம் ஏன் கை வைக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். இரண்டு இடத்தில் பிழை திருத்தி, "கையெழுத்து பிரமாதம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவரைத் திட்டும்போதெல்லாம் இந்த இடம் வந்ததும் பேச்சை மாற்றிக்கொள்வேன்.

மனுவுக்கு இரண்டு வாரத்தில் பதில் வந்தது. உங்களில் ஒருவரே இப்போதைய சம்பளத்தில் ஐந்து பேர் குடும்பத்தை சௌக்கியமாக நடத்தி, மிச்சமும் பிடிக்கிறார். ஆகையால் குறை சம்பளத்தில் இல்லை, உங்கள் சிக்கனக் குறைவில் இருக்கிறது. கூட்டித் தருவதற்கில்லை. கூடவே ஏனோக்கின் பட்டியலுக்குக் கண்ணாடி போட்டுக் கணக்கறைச் சுவரில் மாட்டிவிட்டார்கள்.

அன்று ஏனோக்கோடு யாரும் பேசவில்லை. எங்களில் ஒருவனான பர்னபாஸ் மட்டும் போகிற போக்கில், "நல்லா இருப்பா, ராஜா" என்றான்.

விஷயம் ஐடா மூலம் ஜெயசீலிக்குப் போயிற்று. சாயங்காலம் சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு எல்லாம் கேட்டது. அவள் சத்தம் போடுகிறவள் அல்ல. அன்றும் போடவில்லை.

"அந்தக் காயிதத்துல இன்னா எழுதினீங்க, படிங்க கேக்கறேன்."

நகலை எடுத்துப் படித்தார். கடைசிவரை கேட்டாள்.

"எங்கண்ணன் அனுப்பற மூட்டை எங்க கீது?"

"அது வருமானமா? பிரியத்துல குடுக்கறாரு."

"ஆப்பம்?"

நகலை மடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ரைட்டர் பொஞ்சாதி ஆப்பம் சுட்டு விக்கறான்னு தொரைக்கு எழுதிக் குடுக்கச் சொல்றியா?" என்றார்.

"எழுத வேணாம். நான் சுட மட்டும் சுடணும். அப்படித்தான?"



அடுத்த மாதம் முதல் தேதி அவள் ஒரு காரியம் செய்தாள். அண்ணன் அனுப்பிய அரிசி மூட்டையைத் தூக்கிப் பாப்பம்மா வீட்டில் போட்டுவிட்டாள். விடியற்காலை அடுப்பு மூட்டுவதை நிறுத்தினாள். பட்டியல்படி நான்கு ரூபாய்க்கு அரிசி வாங்கினாள். முப்பத்திரண்டு படி வந்தது. நாள் ஒன்றுக்கு இரண்டு படி வேண்டிய வீடு. மற்றதையும் எழுதியிருந்தபடியே வாங்கினாள். ஓர் அணா கூடவில்லை, ஓர் அணா குறையவில்லை. சேமிப்பு என்று எழுதியிருந்த ஒரு ரூபாயை அவர் எதிரே மாடத்தில் வைத்தாள். "உங்க திட்டப்படிதான் நடக்குது" என்றாளாம்.

பதினாறாம் தேதி அரிசி தீர்ந்தது. மாடத்து ரூபாயைக் கேழ்வரகு தின்றது. பிள்ளைகளுக்கு மட்டும் பாப்பம்மா தன் வீட்டில் கூப்பிட்டுச் சோறு போட்டாள். ஏனோக்குக்குக் கூழ். இருபதாம் தேதி வாக்கில் அவருடைய கோட்டு தொளதொளவென்று தொங்கியது. கோட்டுக்குப் போட வேண்டிய கஞ்சி வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. டிபன் பாத்திரத்தைத் திறக்காமலே எடுத்துப் போவார். எட்டுப் பேரில் ஏழு பேர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். மறைப்பானேன், நானும்தான்.

இருபத்திரண்டாம் தேதி காலை அவர் கிளம்பும்போது ஜெயசீலி வாசல்வரை வந்தாள். நானும் அப்போதுதான் படியிறங்கினேன். என் எதிரிலேயே சொன்னாள். "தொரைகிட்ட போயி, நான் எழுதனது சரியில்லைங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எட்டுக் குடும்பத்துக்கும் மூணு ரூபா வரும். எனக்குக் கண்ணு வரும். வேற ஒண்ணும் கேக்கல." கண்ணில் வடிந்ததை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். புகையா அழுகையா என்று இப்போது கேட்க வேண்டியதில்லை, ஆப்பத்துக்கு அடுப்பு மூட்டி மூன்று வாரமாகிறது.

ஆபீசில் பத்து மணிக்கு ஏனோக் எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு துரை அறைக்குள் போனார். நாங்கள் ஏழு பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். போன வேகத்திலேயே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். நான் அவர் மேசைக்குப் போனேன்.

"சொன்னீங்களா?"

"தொரை ஏந்து கை குடுத்தாரு, மாணிக்கராஜ். 'இன்னா ஏனோக், சௌக்கியமா'ன்னு கேட்டாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"சௌக்கியம்னேன்."

அன்றைக்கு அவரை அடிக்காமல் விட்டதற்காக என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.

மறுநாள் விடியுமுன் சுவருக்கு அந்தப் பக்கம் ஆப்பச் சட்டி உருளும் சத்தம் கேட்டது. பிள்ளைகளை எத்தனை நாள் பாப்பம்மா வீட்டுக்கு அனுப்புவது? ஜெயசீலி மறுபடி புகையில் உட்கார்ந்தாள். கோட்டு மறுபடி விறைத்தது. அதற்கப்புறம் ஏனோக் ஆபீசில் திட்டத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. எங்களுக்கும் அவரை மன்னிக்க மனம் வரவில்லை. ஆறு வருஷம் அப்படியே ஓடிற்று. சம்பளம் ஒரு காசு ஏறவில்லை. கேட்கிறவனுக்கெல்லாம் சுவரில் தொங்குகிற பட்டியலைக் காட்டினார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து ஏனோக்கை எட்டே நாளில் கொண்டுபோயிற்று. அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுத்தான் அடக்கம் செய்தோம். சவப்பெட்டிக்கு நாங்கள் ஏழு பேரும் பணம் போட்டோம். அப்போது ஜெயசீலிக்கு ஒரு கண் முழுக்கப் போய்விட்டது, மற்றதில் ஆள் நிழல் மட்டும் தெரியும்.

அவளுக்காகக் கம்பெனிக்கு நான்தான் மனு எழுதினேன். பதினாறு வருஷம் உழைத்த ரைட்டர், மூன்று பிள்ளைகள், மனைவிக்குப் பார்வை இல்லை, ஏதாவது உதவித் தொகை கொடுத்தால் அவள் அடுப்பை விட்டு எழுந்திருப்பாள். பதில் சீக்கிரமே வந்தது. எடுத்துப் போய்ப் படித்துத் தமிழில் சொன்னேன். காலமானவர் தம் கையாலேயே எழுதிக்கொடுத்த கணக்குப்படி அவர் வருஷத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் மிச்சம் பிடித்து வந்திருக்கிறார். ஆகையால் குடும்பத்துக்குப் போதிய சேமிப்பு இருக்கும் என்று கம்பெனி நம்புகிறது. உதவித் தொகைக்கு அவசியம் காணவில்லை.

ஜெயசீலி கடைசிவரை கேட்டாள். பிறகு நான் இருக்கிற திசையைப் பார்த்து, "அண்ணே, அந்தப் பணத்த எங்க வச்சாருன்னு அதுல எழுதியிருக்காரா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அடுத்த நாள் ஐடா போனபோது அவள் பெட்டியில் இருந்த துணிகளையெல்லாம் தரையில் பரப்பி, ஒவ்வொரு மடிப்பாகத் தடவிக்கொண்டிருந்தாளாம்.

இப்போது அவளே ஷாஃப்ட் வாசலில் கூடையோடு உட்காருகிறாள். மறைக்க வேண்டிய மானம் எதுவும் மிச்சமில்லை. சுடுவது மூத்த பெண் ஜூடித். அந்தப் பெண்ணுக்கும் இப்போதே கண்ணில் நீர் வடிகிறது.

போன மாதம் ஆபீசுக்குப் புதிதாக ஒரு ரைட்டர் வந்தார். பதினைந்து ரூபாயில் குடும்பம் நடத்த முடியுமா என்று கேட்டுவிட்டார். கணக்கறைக்குக் கூட்டிப்போய் அந்தப் பட்டியலைப் படித்துக் காட்டு என்று துரை எனக்கு உத்தரவு போட்டார். எனக்கும் நான்கு பிள்ளைகள். கூட்டிப்போனேன். மேலேயிருந்து கீழே வரை படித்துக் காட்டினேன், சேமிப்பு மாதம் ஒரு ரூபாய் என்கிற வரியையும் சேர்த்து.