அக்கா குடித்த கச்சான் கஞ்சி

புழுங்கல் அரிசி கொதிக்கும்போது பானையிலிருந்து எழும் அந்த மக்கல் வாடை எங்களுக்கெல்லாம் சோற்று மணம். மசக்கையில் இருந்த ஆரோக்கியம் அக்காவுக்கோ அது மூக்கில் பட்ட மாத்திரத்தில் குடலைப் புரட்டிவிடும், வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுவாள். பினாங்கில் படகுக்காரத் தெருவில் ஒரு கடைவீட்டின் பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் 'கிராணி', அதாவது கணக்கெழுதும் வேலை. அக்காவின் புருஷன் கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ரயில் வேலையில் இருந்தார். மசக்கை கடுமையாக இருந்ததால் மூன்றாம் மாதமே அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் படகேறி வந்து பார்த்துவிட்டுப் போவார். இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம் அது, எனக்கு ஒன்பது வயது.

"பிள்ளைத்தாச்சிக்கு நல்ல அரிசி வேணும்" என்று அம்மா சீனர் கடையிலிருந்து சயாம் நாட்டு வெள்ளை அரிசி வரவழைத்தாள். பளபளவென்று தீட்டிய அந்த அரிசியைத் தண்ணீர் கண்ணாடியாகத் தெளியும்வரை கழுவி, சின்னப் பானையில் தனியாக வடித்து, அக்காவுக்கு மட்டும் போடுவாள்; கழுநீரையும் வடித்த கஞ்சியையும் பக்கத்து வீட்டு ஆடு குடித்துக் கொழுத்தது. நாங்கள் பழுப்பு நிறப் புழுங்கல் சோற்றைப் பிசைந்துகொண்டே அக்காவின் தட்டைப் பார்ப்போம், எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அந்தத் தட்டில் சோற்றைத் தவிர வேறெதுவும் அதிகம் இருந்ததில்லை என்பது அப்போது என் கண்ணில் படவில்லை. அன்னாசி, பப்பாளி, எள், கச்சான் கடலை எல்லாம் சூடு, கருவைக் கலைத்துவிடும் என்பது அம்மாவின் கட்சி; கீரை குளிர்ச்சி, துவரம்பருப்பு வாய்வு. பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்திருந்த மலாய்க்கார 'பீடான்' வந்து, கணவாய் மீன் தின்றால் நஞ்சுக்கொடி ஒட்டிக்கொள்ளும், அது 'பந்தாங்', ஆகாது என்றாள். எதிர்வீட்டுச் சீன நோன்யா அம்மாள் நண்டைத் தடுத்தாள். மூன்று அடுப்படிகளின் தடைகளையும் அம்மா ஒன்றுவிடாமல் கூட்டிக்கொண்டாள், ஒன்றுக்கொன்று கழித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. "யாரு சொன்னாலும் கேட்டுக்குவோம், நமக்கு என்ன நட்டம்?" என்பாள். மிச்சம் இருந்தது வெள்ளைச் சோறும் மிளகு ரசமும் சுட்ட கருவாடும்தான். ஆறாம் மாதத்தில் அக்காவின் கால்கள் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். நாலு எட்டு வைத்தாலே அவளுக்கு மூச்சு வாங்கியது. "கால்ல நீர் வச்சா ஆம்பளப் புள்ள" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

அக்கா வாயில் என்ன போகிறது என்று பார்த்துக்கொள்ளும் வேலையை அம்மா எனக்குக் கொடுத்திருந்தாள். நானும் அதைப் பெரிய உத்தியோகமாக நினைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே சுற்றினேன். அம்மா கண்ணயரும் மத்தியான வேளையில் பின்சந்தில் ஒரு மலாய்க்காரர் காவடியில் இரண்டு பானைகளைத் தூக்கிக்கொண்டு "கச்சாங்! கச்சாங்!" என்று கூவிக்கொண்டு வருவார். பானையில் இருந்தது பாசிப்பயறு. தேங்காய்ப்பாலும் மலாக்கா வெல்லமும் பாண்டான் இலையும் போட்டுக் குழையக் காய்ச்சிய கஞ்சி. மலாய்க்காரர்களுக்குப் பயறும் 'கச்சாங்'தான், கடலையும் 'கச்சாங்'தான். எங்கள் வீட்டுப் பேச்சில் கச்சான் என்றால் நிலக்கடலை ஒன்றுதான். அக்கா பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்து, நின்றபடியே ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, கடைசி இரண்டு கரண்டியை எனக்குத் தருவாள். அது நான் வாயைத் திறக்காமல் இருப்பதற்கான லஞ்சம்.

இப்படிப் பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். அக்காவின் கால் வீக்கம் வடிந்தது, மாதாகோயில் வரை நடந்துபோய் வந்தாள், எதற்கெடுத்தாலும் சிரித்தாள். "நல்ல அரிசி வேலை செய்யுது, பாத்தியாடி" என்றாள் அம்மா.

அப்புறம் ஒரு நாள் அக்கா எனக்கு மிச்சம் வைக்கவில்லை. கிண்ணத்தை விரலால் வழித்து நக்கிவிட்டு, "நாளைக்குத் தரேன்லா, இன்னைக்கு ரொம்பப் பசி" என்றாள். நேரே போய் அம்மாவை எழுப்பி, "அக்கா தினமும் கச்சான் தின்னுது" என்று சொன்னேன்.

அம்மா கொண்டை அவிழ எழுந்து வந்தாள். கஞ்சிக்காரர் சந்து முனையைத் தாண்டிப் போய்விட்டிருந்தார், ஆனால் அவர் கூவுவது இன்னும் கேட்டது. "அம்மா, அவங்க அப்படித்தான் கூவுவாங்க, இது நம்ம பாசிப்பயறும்மா" என்று அக்கா கெஞ்சினாள். பாசிப்பயறு அம்மாவின் தடைகளில் இல்லவே இல்லை, நம்பியிருந்தால் விட்டிருப்பாள். அம்மா என் பக்கம் திரும்பி, "நீ பாத்தியே, நீ சொல்லு. பயறா, கச்சானா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். தின்றிருக்கிறேனே! அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கச்சான்தான்" என்றேன்.

அம்மா அவளை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தி, வயிற்றின்மேல் கைவைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். சத்தியம் செய்த அக்கா அதை மீறவில்லை. அவள் அப்படிப்பட்டவள். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. மறுபடி கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது, சோற்றைப் பிசையக் கை விரல்களில் உணர்வில்லை என்றாள். ஒன்பதாம் மாதம் பிள்ளை பிறந்தது, ஆண் பிள்ளைதான். மறுநாள் காலையில் அக்கா மூச்சுக்குத் திணறி, எழுந்து உட்காரப் பார்த்து, அப்படியே சாய்ந்தாள். பிள்ளையும் எட்டு நாள்தான் இருந்தது.

"ஒளிஞ்சு ஒளிஞ்சு கச்சான் தின்னா, சூடு நெஞ்சுக்கு ஏறிப் போயிட்டா" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொல்லி அழுதாள். தெருவில் அந்த வருடம் எந்தப் பிள்ளைத்தாச்சியும் கடலையைத் தொடவில்லை.

பத்து வருடம் கழித்து எனக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் 'டிரஸ்ஸர்' ஒருவரோடு கல்யாணமாயிற்று. அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள், கால் வீங்கிய சீன நோயாளிகளுக்கு வாளியிலிருந்து கரண்டி கரண்டியாகப் பாசிப்பயறு ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "தீட்டுன வெள்ளை அரிசியை மட்டும் தின்னா வர்ற சீக்கு. பயறு கொடுத்தா வீக்கம் வடிஞ்சிடும். புழுங்கல் தின்கிற நம்மாளுங்களுக்கு வர்றதில்ல" என்றார். பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஏன் அழுகிறேன் என்று கேட்ட அவருக்குத் தலைவலி என்று பொய் சொன்னேன்.

அம்மாவிடமும் சொல்லவில்லை. படுக்கையில் விழுந்த கடைசி மாதங்களில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வந்து சொன்னதாலதான் இன்னும் கொஞ்ச நாள் அவ உசிரோட இருந்தா. நீ நல்ல புள்ள" என்பாள். நான் "சரிம்மா" என்பேன்.

இப்போது அந்தப் பின்சந்து இல்லை, காவடிப் பானைக்காரர்கள் இல்லை, தீட்டிய அரிசியைத் தின்று யாரும் வீங்கிச் சாவதாகக் கேள்விப்படவில்லை. பிள்ளைத்தாச்சிகள் கிளினிக்கில் கொடுக்கும் தாளைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள். வயதானவள் என்று என்னிடம் வந்து கேட்கிறவர்களையும் நான் அங்கேயே அனுப்பிவிடுகிறேன். அக்காவின் குரலைக் கேட்டவர்களில் என்னைத் தவிர ஒருவரும் மிச்சமில்லை. அவள் கச்சானால் செத்தாள் என்றாள் அம்மா, அரிசியால் செத்திருப்பாள் என்கிறது வைத்தியம். இரண்டு பேருமே என்னைச் சொல்லவில்லை.