பெருங்காயப் பெட்டிமேல் ஒரு கொலு

எங்கள் வீட்டுக் கொலுப்படியில் பெருங்காய வாசனை அடிக்கும். அம்மாவின் கல்யாணச் சேலையை விரித்து, பிச்சிச் சரம் சுற்றி, ஊதுவத்தி கொளுத்திய பிறகும் அது போகாது. ஏனென்றால் அந்தப் படிகள், திருவனந்தபுரம் ஆரியசாலையில் அப்பா மூட்டை தூக்கிய மொத்தக்கடையிலிருந்து கேட்டு வாங்கி வந்த காலிப் பெருங்காயப் பெட்டிகள்.

சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. ஒரே கூரையின் கீழ் ஆறு குடித்தனங்கள் இருந்த "லைன் வீட்டில்" நாங்கள் கடைசி வாசல். அம்மா தினமும் ஸ்ரீவராகத்து அக்ரகாரத்தில் ஒரு மாமி வீட்டுக்கு வேலைக்குப் போவாள். நவராத்திரி வந்தால் அந்த வீட்டுப் பொம்மைகளை வைக்கோலிலிருந்து எடுத்துத் துடைத்து வைப்பதும், ஒன்பது நாள் சுண்டலுக்குத் தேங்காய் துருவுவதும் அவள்தான். ஆனால் கொலுவுக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து வெற்றிலைபாக்கு வாங்கிக்கொள்ளும் பெண்களின் வரிசையில் அவள் ஒருநாளும் இருந்ததில்லை. அவள் பங்குச் சுண்டல் இலையில் கட்டிக் கொல்லைப்புறமாக வந்துவிடும். அதைப் பற்றி அவள் குறைசொல்லி நான் கேட்டதில்லை.

நான் நாலாம் வகுப்பில் இருந்த வருடம், ஒரு காலை, அம்மா அப்பாவுக்குச் சோறு கட்டிக்கொண்டே, "ஏங்க, இந்தத் தடவ நம்ம வீட்லயும் கொலு வைக்கப் போறேன்" என்றாள். கேட்கவில்லை, அறிவித்தாள்.

"பொம்மைக்கு எங்க போவ?"

"லைன்ல ஆறு வீடு இருக்குல்ல."

நானும் அவளும் வாசல் வாசலாகப் போனோம். தையற்காரர் வீட்டில் ஒரு கதகளித் தலை கிடைத்தது. இன்னொரு வீட்டிலிருந்து வாத்தும் குஞ்சுகளும். பிள்ளையாரை மட்டும் சாலைக் கடைத்தெருவில் புதிதாக வாங்கினோம். அடுத்த வீட்டு மேரிச் சேச்சி, கிறிஸ்துமஸுக்கு ஜோடிக்கும் "புல்கூடு" என்ற குடிலில் வைக்கும் மூன்று ராஜாக்களையும் ஓர் ஒட்டகத்தையும் கொண்டுவந்து, கையில் வைத்துக்கொண்டே தயங்கினாள். "பேச்சி, இவரெ இதில வெச்சா குழப்பமுண்டோ?"

"சாமி பொறந்ததப் பாக்க வந்தவங்கதானே சேச்சி? மேல்படியிலயே இருக்கட்டும்" என்றாள் அம்மா.

அழைப்புதான் கடினமாக இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்களையும், அப்பாவோடு சுமை தூக்குபவர்களின் வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டு முடித்தபின், குங்குமச் சிமிழோடு என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா ஸ்ரீவராகம் போனாள். அன்றைக்கு முன்வாசல் வழியாகப் போனாள். "மாமி, நாளைக்குச் சாயந்தரம் எங்க வீட்டுக் கொலுவுக்கு வரணும்."

மாமியின் பார்வை சிமிழிலிருந்து அம்மாவின் முகத்துக்குப் போனது. கெட்ட மனுஷி இல்லை. இப்படி ஒரு அழைப்பை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை, அவ்வளவுதான். குங்குமத்தை எடுத்துக்கொண்டு, "பாக்கறேன், பேச்சி" என்றார். திரும்பும் வழியெல்லாம் அம்மா என் கையை வலிக்கும்படி பிடித்திருந்தாள்.

மறுநாள் டீக்கடையிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. அதைக் கழுவித் துடைத்து, புதுத் துண்டு விரித்து, கொலுவுக்கு நேர் எதிரே அம்மா போட்டாள். "ஏட்டி, இதுல ஆரும் உக்காரப்பிடாது." யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

நாலு மணிக்கு, அங்கே "துலாமழை" என்று சொல்லும் ஐப்பசி மழை பிடித்தது. அரைமணி நேரத்தில் ஆரியசாலைச் சந்தெல்லாம் கணுக்கால் அளவு தண்ணீர். லைன்காரர்கள் அவரவர் வாசலில் ஏறிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள்; ஐந்தாகியும் ஓர் ஆளைக் காணோம். அண்டா நிறையக் கடலைச் சுண்டலும் அம்மாவும் நானுமாக உட்கார்ந்திருந்தோம். அவள் வாசலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். அப்போதுதான் அப்பாவும் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, சந்து முனையிலிருந்து எங்கள் வாசல் வரை செங்கல் அடுக்கி, கடைப் பலகைகளை அதன்மேல் போட்டு ஒரு பாலமே கட்டினார்கள்.

அந்தப் பலகைமேல், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒருத்தி பின் ஒருத்தியாகப் பெண்கள் வந்தார்கள். பாய் நிறைந்து, அடுப்படி நிறைந்து, பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்தார்கள். நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது. மேரிச் சேச்சியின் மாமியார், முழங்கால் வலியோடு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்தாள். வாசலை ஒருமுறை பார்த்தாள். பிறகு நேராகப் போய் அவர் கையைப் பிடித்து, "அம்மச்சி, இங்க வந்து இருங்க" என்று நாற்காலியில் உட்காரவைத்தாள். அதன்பின் அவள் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. ஒருத்தி அம்மன் பாட்டு பாடினாள், ஒருத்தி திருவாதிரைப் பாட்டு பாடினாள், அம்மச்சி மாதா கோயில் பாட்டு ஒன்றை நடுங்கும் குரலில் பாடினார். சுண்டல் தீர்ந்துபோய், அம்மா அவலை வெல்லத்தில் பிசைந்து கொடுத்தாள்.

அடுத்த நாள் பள்ளி விடுமுறை. நானும் ஸ்ரீவராகம் போனேன். மாமி சங்கடத்தோடுதான் பேச்சை எடுத்தார். "மழை கொட்டித்தேடி, எப்படி வரது? காத்துண்டிருந்தியோ?"

அம்மா பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: "பரவால்ல மாமி. நீங்க வந்திருந்தா உக்காரவைக்க எடம் இருந்திருக்காது. அவ்வளவு கூட்டம்."

அவள் குரலில் குத்தல் இல்லை. வெறும் சந்தோஷம். அந்தக் கணத்தில் என் அம்மா அந்தக் கொல்லைப்புறத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவளாகத் தெரிந்தாள். எனக்கு அங்கேயே பெருமையில் கத்தவேண்டும்போல் இருந்தது. அடுத்த வருடம் மாமியே கேட்டார், "என்னிக்குடி வரட்டும்?" வந்தார். எல்லோரோடும் பாயில்தான் உட்கார்ந்தார்.

லைன் வீட்டை இடித்து, இப்போது அங்கே வண்டிகள் நிறுத்துகிறார்கள். அந்த ஆறு குடும்பங்களில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பாதிக்கு மேல் எனக்குத் தெரியாது. எனக்கு ஊர்க்கோடியில் கழக்கூட்டத்தில் வேலை, அங்கேயே பிளாட், அம்மாவும் என்னோடு. என் கொலுவுக்கான அழைப்பு போனில் ஒரே நொடியில் எல்லோருக்கும் போய்விடுகிறது. இந்த வருடம் என் அலுவலகப் பெண்கள் வந்திருந்தபோது, அவர்களில் இளையவள் ஒருத்தி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று மலையாளத்தில் கேட்டாள்.

"ஆரும் படிப்பிக்கல மோளே," என்றாள் அம்மா. "வைக்கணும்னு தோணிச்சு, வச்சோம்."