வண்டி மேல தப்பில்லீங்க

நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு கோழிப்பண்ணை வாசல். வேப்பமரத்தடியில் பானெட் திறந்து கிடந்த ஒரு வெள்ளைக் கார். அதைச் சுற்றி மூன்று பேர்: வண்டிக்குச் சொந்தக்காரரான பண்ணைக்காரர், அதை ஓட்டிய டிரைவரண்ணன், ஆட்டோ எலக்ட்ரீஷியனான நான். “ஏனுங்க, வண்டி தப்புங்களா, ஆள் தப்புங்களா? ஒண்ணைச் சொல்லிப்போடுங்க” என்று பண்ணைக்காரர் கேட்டார். நான் ஸ்கேனர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, டிரைவரண்ணனை ஏறிட்டும் பார்க்காமல், “வண்டி மேல தப்பில்லீங்க” என்றேன். மூன்றே வார்த்தை. சொல்லிவிட்டு அவர்கள் கொடுத்த மோரையும் குடித்துவிட்டு வந்தேன். மோரில் கொத்தமல்லி கிள்ளிப் போட்டிருந்தது நினைவிருக்கிறது. அந்த மனுஷனின் முகம் அப்போது எப்படி இருந்தது என்பது மட்டும் நினைவில் இல்லை. பார்த்தால்தானே இருக்கும்!

புதுச்சத்திரத்தில் சாலையோரமாக என் பட்டறை. டிரைவரண்ணன் அந்த வீட்டு வண்டியைப் பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். பட்டறைக்கு வந்தால் ஸ்டூலில் உட்கார மாட்டார், வண்டியின் பக்கத்திலேயே நிற்பார். சீட்டின்மேல் ஒரு ஸ்குரூ டிரைவர் வைத்தால் போதும், “அங்க வெக்காதீங்க சாமி, அம்மா உக்காருற எடம்” என்று எடுத்துக் கீழே வைப்பார். அம்மா என்றால் பண்ணைக்காரரின் மனைவி. பெற்ற தாயைச் சொல்வதுபோலத்தான் சொல்வார். எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும்.

அந்த அம்மாவுக்குத்தான் ஒரு நாள் காலையில் நெஞ்சுவலி வந்தது. சாவியைத் திருகினால் கார் மூச்சுவிடவில்லை. பேட்டரி இறங்கியிருந்தது, உள்ளே கூரை விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. முட்டை ஏற்றும் வேனில், அட்டைகளைக் கீழே தள்ளிவிட்டு, அந்த அம்மாவைப் படுக்கவைத்து நாமக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விளக்கை அணைக்காமல் போனது யார் என்ற கேள்விக்கு அந்த வீட்டில் ஒரே பதில்தான். “அணைச்சுட்டுத்தானுங்க சாவியக் கொண்டாந்து குடுத்தேன்” என்று டிரைவரண்ணன் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கேட்பாரில்லை. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் வேலையைத் தொடங்கும் முன் அவர் என்னை ஓரமாக அழைத்து, “வண்டியக் கழுவுன அன்னிக்கெல்லாம் உள்லைட்டு தானா எரியுதுங்க சாமி. ரெண்டு வாட்டி நானே பாத்தேன். அதுக்கு முந்தின நாளும் கழுவுனதுதானுங்க” என்றார். “ஏண்ணா, வண்டிக்குப் பேய் புடிச்சிருச்சா?” என்று சிரித்தேன். அன்றைக்கு நல்ல வெயில், வண்டி காய்ந்து கிடந்தது. வண்டியின் குறைகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டினேன். பேட்டரி செத்துப் பிழைத்த வண்டியில் ஸ்கேனர் வரிசையாக இருபது குறை காட்டும். பெரும்பாலும் எல்லாம் மின்சாரம் இறங்கியதால் வந்த வெத்துக் குறை. அதனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு: ஒன்றையும் படிக்காமல் மொத்தத்தையும் அழித்துவிட்டு, மறுபடி சோதிப்பது. மறுபடியும் வந்தால் நிஜம், வராவிட்டால் பொய். நானும் அழித்தேன். மறுபடி வரவில்லை. தண்ணீர் பட்டால் மட்டும் வருகிற குறை, காய்ந்த வண்டியில் எப்படி வரும்? அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே சாட்சியை என் கட்டைவிரலால் அழித்துவிட்டுத்தான் அந்த மூன்று வார்த்தையைச் சொன்னேன். அன்று மதியமே அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த ஐப்பசியில் அதே கார் என் பட்டறைக்கு வந்தது. வேறு டிரைவர். நடு ரோட்டில் வைப்பர் தானாக ஆடுகிறது, ஹாரன் தானாக அலறுகிறது, கதவு பூட்டிக்கொண்டு திறக்க மறுக்கிறது. விளக்கு, வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுவது டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்பார்கள். அதைக் கழற்றித் திறந்தேன். உள்ளே பச்சை பூத்திருந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடிகிற ஓட்டையில் வேப்பிலைச் சருகு அடைத்து, கழுவுகிற தண்ணீரும் மழைத் தண்ணீரும் சொட்டுச் சொட்டாகப் பெட்டிக்குள் இறங்கியிருந்தன. ஒரு மாதத்தில் பிடித்த துரு இல்லை அது. டிரைவரண்ணன் சொன்னது அத்தனையும் நிஜம்.

பழைய வண்டிக்குப் பெட்டி லேசில் கிடைக்காது. சேலத்தில் அலைந்து, அதே எண் போட்ட பெட்டியைத் தேடி வந்து மாட்டி, லேப்டாப்பை வைத்து இரண்டு சாவிக்கும் அதைப் பழக்கினேன். இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளும் சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டியை எடுக்க வந்த பண்ணைக்காரர், “இது இப்பப் புதுசா வந்த குறைங்களா?” என்று கேட்டார். “ஆமாங்க” என்றேன். ஸ்கேனர் வைத்துப் பார்ப்பவன், அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று ராசிபுரம் வரைக்கும் எனக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேருக்காகச் சொன்ன ஆமாங்க அது. முதலில் செய்தது தெரியாமல் செய்த தப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இதை என்னவென்று வைத்துக்கொள்வது?

அதற்குப் பின் மூன்று வருஷம் கழித்து, ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் ஜெனரேட்டர் ஒயரிங் பார்க்கப் போயிருந்தேன். கேட்டில் காவலுக்கு இருந்தவர் டிரைவரண்ணன். மாமனார் ஊரோடு வந்துவிட்டாராம். என்னைப் பார்த்ததும், “வாங்க சாமி, வாங்க வாங்க” என்று அப்படி ஒரு சந்தோஷம்! டீ வாங்கிக் கொடுத்தார். கேட்டின் பூட்டை இழுத்துப் பார்த்தார். பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போய் மறுபடியும் இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்தவர், “மறதிங்க சாமி. நீங்க பாத்துச் சொன்னதாலதான் எனக்கே தெரிஞ்சுது. அணைச்சேன்னுதான் சத்தியமா நெனச்சுட்டு இருந்தேன். ஒரு உசுரு போகத் தெரிஞ்சுதே! அதுக்கப்பறம் வண்டியத் தொடறதில்லீங்க. பேரனை மொபெட்டுல கூட ஏத்தறதில்ல” என்றார். என்மேல் கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலை இருக்கிறது என்று எழுந்தவன், நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னேன். வேப்பிலை, துரு, ஸ்கேனரில் அழித்தது, அந்த ஆமாங்க, ஒன்று விடாமல். அவர் கேட்டின் பூட்டையே பார்த்தார். பிறகு, “அப்ப நான் அணைச்சிருக்கேன்?” என்றார்.

“அணைச்சிருக்கீங்கண்ணா.”

“எத்தன வருசமா தெரியும் சாமி?”

“மூணு வருசம்.”

“ஊரு என்னைச் சொல்லிட்டுப் போகுதுங்க, அது பரவால்ல. என்னையே நான் நம்பாமப் பண்ணிப்போட்டீங்களே” என்றார். குரல் உயரவில்லை. என் செருப்பைக் கழற்றி என்னையே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்புறம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அம்மாகிட்ட இப்பவே சொல்லோணும். என்ற காதுபட.” அங்கிருந்தே போன் போட்டேன். பண்ணைக்கார அம்மா எடுத்தார். தட்டுத் தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டார். பிறகு, “அவரு பக்கத்துல இருக்காருங்களா? குடுங்க” என்றார். டிரைவரண்ணன் எழுந்து நின்றுதான் போனை வாங்கினார். “அம்மா, இப்ப நெஞ்சு வலி இல்லீங்களே?” என்றார்.

பண்ணைக்காரர் என்னை நேரில் கூப்பிட்டு, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். வாங்கிக்கொண்டேன். டிரைவரண்ணனைத் திரும்ப வேலைக்கு அழைத்தார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். கை வராதாம். போன ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் என் காரை எடுத்துக்கொண்டு ஆத்தூர் போனேன். நான் கெஞ்சாத குறையாகக் கேட்ட பிறகு ஏறி உட்கார்ந்தார். மாவு காயப்போடும் களத்தை ஒட்டி மெதுவாக ஒரு சுற்று ஓட்டினார். கியர் மாற்றியதே தெரியவில்லை; அப்படிப்பட்ட கை அது. நிறுத்தி, விளக்கை அணைத்து, இறங்கி, பூட்டினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பத்தடி நடந்தவர் நின்றார். வண்டியைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி வழியே உள்ளே இருட்டாகத்தான் தெரிந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அணைச்சுட்டேனுங்களா சாமி?”

“அணைச்சுட்டீங்கண்ணா” என்றேன்.

“நீங்க சொன்னாச் சரிதானுங்க” என்றார்.