பக்கம் திருப்புகிறவள்

பாஹியா பிளாங்கா துறைமுகத்துக்குக் கோதுமை ஏற்றி வரும் லாரிக்காரர்களுக்கு, அங்கே தானியம் சோதிக்கும் நெலிதா உருத்தியாவைக் கண்டாலே ஆகாது. லாரிக்குள் நீளக் குழாயைச் செருகி எடுத்த தானியத்தைத் தட்டில் பரப்பி ஒரு தடவை முகர்வாள். ஈரம் என்பாள். அவ்வளவுதான், சமவெளி முழுக்கக் கடந்து வந்த லாரி வந்த வழியே திரும்ப வேண்டும். ஒருத்தன் மனம் இளகட்டும் என்று தன் பிள்ளைகளின் படத்தை எடுத்து நீட்டினானாம். "அழகா இருக்காங்க. கோதுமை ஈரம்" என்றாளாம்.

எங்கள் வாத்தியக் குழுவிலும் அவள் அப்படித்தான். எங்களில் யாருக்கும் இசை பிழைப்பு இல்லை. டிராம்போன்காரர்கள் ரயில்வேயில் இருக்கிறார்கள், புல்லாங்குழல்காரர் பல் பிடுங்குகிறார். திங்கள்கிழமை மாலையில் ஒரு கிளப்பின் கூடைப்பந்துக் கூடத்தில் கூடுவோம். இழுவைப் படகில் இயந்திரம் பார்த்த நெலிதாவின் அப்பா, மகளுக்கு வயலின் வாங்கப் போய் மலிவாகக் கிடைத்தது என்று வியோலாவை வாங்கி வந்துவிட்டார். பார்வைக்கு வயலின்தான், கொஞ்சம் பெரிசு, குரல் கனமாக இருக்கும். அது வேறு வாத்தியம் என்று வீட்டில் தெரிந்தபோது அவள் அதில் பாதி தேறியிருந்தாள்.

யாராவது தப்பாக வாசித்தால் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வை பொறுக்காமல் குழுவை விட்டுப் போனவர்கள் உண்டு. அவளுக்கு நேர் பின்னால் வாசிக்கும் எனக்கு அது பழகிவிட்டது.

தந்தி வாத்தியக்காரர்களில் இரண்டு பேருக்கு இசைத்தாள் வைக்க ஒரு தாங்கி, அதில் ஒரே தாள். சபை பக்கம் இருப்பது வெளியிருக்கை. உள்ளிருக்கைக்காரர் அவருக்குப் பின்னால் மறைந்திருப்பார். தனித்து வாசிக்கும் இடம் வந்தால் முதல் தாங்கியின் வெளியிருக்கைக்காரர் வாசிப்பார். பக்கம் திருப்புவது உள்ளிருக்கைக்காரரின் வேலை.

முதல் தாங்கியின் வெளியிருக்கை வருஷக்கணக்காக நெலிதாவுடையது. புதிதாக வந்த இசை நடத்துநர் லிசார்தோவுக்கு அவள் முகம் பிடிக்கவில்லை. பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் மிர்தா பௌதாஸோ வியோலா வாசிக்கக் குழுவில் சேர்ந்ததும், முன்வரிசையில் சிரித்த முகம் வேண்டும் என்று சொல்லி அவளை வெளியிருக்கையிலும் நெலிதாவை உள்ளிருக்கையிலும் உட்கார வைத்தார்.

"பக்கம் திருப்பத்தான் ஆள் வேணும்னா ஒரு ஃபேன் வாங்கி வைங்க, மாயஸ்த்ரோ" என்று நடத்துநரிடம் சொன்னாள் நெலிதா. ஆனால் போய் உள்ளே உட்கார்ந்தாள்.

மிர்தா செய்த முதல் காரியம், தாள்களில் நெலிதா பென்சிலால் குறித்து வைத்திருந்த விரல் எண்களையெல்லாம் அழித்தது. எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று பல வருஷம் தேடிக் கண்ட எண்கள். ரப்பர் தூள் நெலிதாவின் செருப்பில் உதிர்ந்தது. பழைய கிறுக்கல் கண்ணை உறுத்துகிறது என்று மிர்தா சிரித்த முகத்தோடு சொன்னாள். அன்றிலிருந்து நெலிதா ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு மூச்சு தாமதமாகத் திருப்பினாள். மிர்தா நடத்துநரிடம் முறையிட்டாள். உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் நழுவிவிட்டார்.

வசந்தகாலக் கச்சேரியில் முன்பாதி ரஷ்ய இசை, பின்பாதி பிரெஞ்சு. பிரெஞ்சுப் படைப்பின் மெதுவான பகுதியில் வியோலா தனியாக வாசிக்கும் இடம் ஒன்று உண்டு. பக்கத்தைத் திருப்பிய உடனே அது தொடங்கிவிடும். முன்பொரு முறை நெலிதா அதை வாசித்திருக்கிறாள். இப்போது அது மிர்தாவுடையது, திருப்பும் கை நெலிதாவுடையது. குழுவில் எல்லோருக்கும் அந்தக் கவலைதான்.

கச்சேரியன்று மதியம் கடைசி ஒத்திகை. பக்கம் தாமதமாகவே திரும்பியது, மிர்தா தொடக்கத்தைத் தவறவிட்டாள்.

"வேணும்னே பண்றீங்க."

"தாள்ல ஈரம் இருக்கான்னு பாத்தேன்" என்றாள் நெலிதா.

அதன்பின் மிர்தா போய் முந்தைய பக்கத்தின் கடைசி வரியை நகலெடுத்து வந்தாள். தனி வாசிப்பு இருக்கும் பக்கத்தின் மேலே அதை ஒட்டினாள். இனிமேல் அவளே முன்கூட்டித் திருப்பிக்கொள்ளலாம், நெலிதாவின் கை வேண்டாம். ஒட்டிய கையோடு தாள்களை மூடி வைத்துவிட்டு உடை மாற்றப் போனாள். பசை காயவில்லை.

அரங்கு நிறைந்திருந்தது. ரஷ்யப் பாதியில் ரயில்வேக்காரர்கள் கூரை அதிர ஊதி நல்ல கைதட்டல் வாங்கினார்கள். பிரெஞ்சுப் பகுதியில் அந்த இடம் நெருங்கியது. நெலிதாவின் கை தாளை நோக்கிப் போனதை நான் பார்த்தேன். இந்தத் தடவை சரியான நேரத்துக்குத்தான் போனது. மிர்தா அந்தக் கையைத் தட்டிவிட்டுத் தானே திருப்பினாள். ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பக்கங்களும் சேர்ந்து புரண்டன. எதிரே வந்தது வேறு இசை.

லிசார்தோ கையை மிர்தா பக்கம் நீட்டினார். அவள் வில் அசையவில்லை.

வியோலா ஒலித்தது. தாளைப் பார்க்காமல் நெலிதா வாசித்துக்கொண்டிருந்தாள். மிர்தாவைக் காப்பாற்ற அல்ல. அந்த இடம் வெறுமையாகப் போவது அவளுக்குப் பொறுக்காது. ஒரு கணம் கழித்து மிர்தாவின் வில்லும் நகர ஆரம்பித்தது, தந்தியைத் தொடாமல். சபைக்குத் தெரிந்தது அந்த வில் மட்டும்தான்.

முடிந்ததும் லிசார்தோ நெலிதாவைப் பார்த்தார். வாசித்தது யார் என்று அவருக்குத் தெரியும். ஆனால் எழுந்து நிற்கும்படி மிர்தாவுக்குத்தான் சைகை காட்டினார். மிர்தா எழுந்து, சிரித்து, வணங்கினாள், பூச்செண்டும் வாங்கிக்கொண்டாள். நாங்கள் வில்லால் தாங்கியைத் தட்டிப் பாராட்டினோம். நெலிதாவும் தட்டினாள்.

சபை இன்னொன்று கேட்டது. மறுபடி வாசிக்க அந்த மெதுவான பகுதியைத்தான் வைத்திருந்தோம், வேறெதையும் ஒத்திகை பார்க்கவில்லை. நெலிதா தாள்களைப் பின்னால் புரட்டி, ஒட்டியிருந்த பக்கங்களை நகத்தால் மெல்லப் பிரித்தாள். ஒரு சுரம்கூடக் கிழியவில்லை. அந்த இடம் வந்ததும் சரியான நேரத்தில் திருப்பி, உள்ளங்கையால் நீவிவிட்டு, வியோலாவை மடியில் கிடத்தினாள்.

"வாசிங்க" என்றாள். பிறகு, எனக்கே அரைகுறையாகக் கேட்கும் குரலில், "மேல ஏறுற எடத்துல மூணாம் விரல்."

மிர்தா வில்லை உயர்த்தினாள். நன்றாகத்தான் தொடங்கினாள். மேலே ஏறும் இடம் வந்தது. எண் அழிக்கப்பட்ட இடம் அது. அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே இரண்டாம் விரலை வைத்தாள். சுரம் எட்டவில்லை. கீழேயே நின்று, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி இழுத்தது. முன்வரிசையில் ஒருவர் இருமினார்.

லிசார்தோ நெலிதாவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கண் பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது. வரி முடிந்ததும், தாமதமில்லாமல், திருப்பினாள்.