இரண்டு துரைராஜ்களும் பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு கல்லூரியும்

இதுவரை மலைக்கும் கோயிலுக்கும் போன கதைகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். போன வாரம் ஓர் இளம் பேராசிரியை கேட்டிருந்தார். வேறொரு கல்லூரிக்குப் போய், அங்குள்ள ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து, அவர்கள் இன்னும் நன்றாகப் பாடம் நடத்த உதவ வேண்டுமாம். "முதல் தடவை போகிறேன், என்ன செய்யணும் அம்மா?" என்றார்.

நான் முதல் தடவை போனது எழுபதுகளின் தொடக்கத்தில். என்ன செய்ய வேண்டுமென்று எனக்கும் தெரியாமல்தான் போனேன். நகரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிக விரிவுரையாளராக இருந்தேன். பல்கலைக்கழகத்தின் கோடைப் பயிற்சியில் நன்றாகச் செய்தேன் என்பதற்காக, "பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில் துரைராஜ் என்று ஒருவர் இருக்கிறார், அவருக்குக் கொஞ்சம் உதவி செய்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். என்ன உதவி என்று கேட்டேன். "அதெல்லாம் போனால் தெரியும்" என்றார்கள்.

காலை ஏழரைக்குப் புரசைவாக்கத்தில் பஸ் ஏறினேன். மதுரவாயல் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். வானகரம், வேலப்பன்சாவடி எல்லாம் அப்போது பஸ் நின்று கிளம்பினால்தான் ஊரென்று தெரியும். பூந்தமல்லியில் இறங்கி, ஆவடி சாலையில் இரண்டு மைல் சைக்கிள் ரிக்‌ஷா. முக்கால் ரூபாய்.

"புச்சா வந்த டீச்சரம்மாவா?" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

"இல்லைங்க. பார்க்க வந்திருக்கேன்."

"இன்னாத்த பாக்க?"

"வகுப்பை" என்றேன். "அப்போ இன்ஸ்பெக்டரு" என்று அவரே முடிவு செய்துகொண்டு மிதித்தார்.

கல்லூரி முதல்வரும் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தார். நான் உட்காரும் முன்பே, "துரைராஜ் மேல யாரும்மா புகார் கொடுத்தாங்க?" என்றார். புகார் ஒன்றும் இல்லை, உதவிக்காக வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. நேரே ஒரு வகுப்புக்கு அழைத்துப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்.

துரைராஜுக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் விபூதி, கஞ்சி போட்ட சட்டை. என்னை ஒரு முறை பார்த்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார். சரளமான ஆங்கிலம், அச்சடித்தது போன்ற கையெழுத்து. கரும்பலகையில் ஒரு கோடுகூட வீணாகவில்லை. எனக்குக் குழப்பம் தொடங்கியது. இவருக்கு நான் எதைச் சொல்லித் தருவது?

மணி அடித்ததும் ஆசிரியர் அறைக்குப் போனோம். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் அவர் கேட்டார்.

"சொல்லுங்கம்மா. இருபது வருஷமா நடத்துறேன். எதை மாத்திக்கணும்?"

"ஒண்ணுமே இல்லை சார். ரொம்ப நல்லா இருந்தது."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?" அவர் குரல் நடுங்கியது. "அடுத்த மாசம் துறைத் தலைவர் பதவி வரணும். இந்த நேரத்துல என் வகுப்புக்கு ஆள் அனுப்புறாங்கன்னா என்ன அர்த்தம்? நாளைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துடறேன்."

எதிரில் இருந்தவர்கள் டீ தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஜன்னலோரம் இருந்த ஓர் இளைஞர் எழுந்தார். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன.

"சார், அவங்க தேடி வந்தது என்னைத்தான். பயிற்சிக்குப் போனப்போ நான்தான் கேட்டேன். என் வகுப்புல ஒருத்தரும் வாயே திறக்க மாட்டேங்கறாங்க, யாராவது வந்து பாருங்கன்னு."

அவர் பெயரும் துரைராஜ். அவரும் பௌதிகம்தான். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தனக்குப் பாடம் நடத்தத் தெரியவில்லை என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். வாசலில் முதல்வர் வேறு நின்றிருந்தார்.

பெரிய துரைராஜ் அவர் பக்கம் திரும்பினார். "உன் வகுப்பு எப்போ?"

"இப்போதான் சார்."

"வா. நானும் வரேன்."

பள்ளி முடித்ததும் சேரும் புகுமுக வகுப்பு. பாதிப் பேர் ஆவடித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் பிள்ளைகள், மீதிப் பேர் நூம்பல், வானகரம் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள். பள்ளிக்கூடம் வரை தமிழில் படித்தவர்கள். பாடம் நீரின் பரப்பு இழுவிசை. சின்ன துரைராஜ் ஆங்கிலத்தில் பத்து நிமிடம் வேகமாகப் பேசினார். ஒரு சத்தம் இல்லை. அவர் திணறி, என்னைப் பார்த்தார். எனக்கோ கோடைப் பயிற்சியில் படித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று முன்வரிசைப் பெண்ணிடம், "சார் சொன்னது புரிஞ்சுதாம்மா?" என்றேன்.

அவள் எழுந்தாள். "சார் சொல்றது கேக்கத் தெளிவாத்தான் கீது மிஸ். இன்னாத்தப் பத்தி சொல்றாருன்னுதான் தெர்ல."

"எதுலேர்ந்து தெரியல?" என்றார் சின்ன துரைராஜ்.

"தலைப்புலேர்ந்தே சார்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். கரும்பலகையை முழுக்க அழித்துவிட்டு, "கொழாய மூடின பிறகு ஒரு சொட்டு விழாம நிக்குமே, பாத்திருக்கீங்களா?" என்றார் தமிழில். "தொங்கினு கீமே, அதுவா சார்?" என்றது ஒரு குரல். "அதேதான். ஏன் விழல?" அதன் பிறகு அவரைவிட அவர்கள்தான் அதிகம் பேசினார்கள். கல்லூரியில் தமிழில் நடத்தலாமா கூடாதா என்று எனக்கு நிச்சயமில்லை. முதல்வருக்கும் நிச்சயமில்லை போல. வராந்தாவில் நின்று கேட்டுவிட்டுப் பேசாமல் போனார். சின்ன துரைராஜின் வேலை நிரந்தரமானது என்று அடுத்த வருடம் கேள்விப்பட்டேன்.

மாலை பஸ் நிறுத்தம் வரை பெரிய துரைராஜ் கூட நடந்து வந்தார். பஸ் வருவது தெரிந்ததும் கேட்டார்.

"ஏம்மா, காலையில என் வகுப்புல உட்கார்ந்தீங்களே. என் பசங்களுக்குப் புரிஞ்சுதா?"

கடைசி பெஞ்சிலிருந்து எனக்குத் தெரிந்தது முதுகுகளும் அவரும்தான். நான் அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியல சார்" என்றேன்.

"எனக்கும் தெரியல" என்றார்.

ஆகவே, போகப் போகிறவர்களுக்கு: யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முழுப்பெயரோடு கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் அவரிடமே முதலில் பேசிவிடுங்கள். பூந்தமல்லிச் சாலையில் இப்போது நெரிசல் அதிகம், அந்தப் பக்கம் போவதானால் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். கடைசி பெஞ்சில் மட்டும் உட்காராதீர்கள். பிள்ளைகளின் முகம் தெரிகிற மாதிரி, பக்கவாட்டில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.